மடக்குப் பலகை

என் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இதைக் கேட்டதும் எல்லோரும், "அப்போ படியேற வேண்டிய வேலையே இல்லை" என்பார்கள். ஓடுகிற லிஃப்ட்டுக்கு யார் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்? நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கப் படியேறித்தான் போயாக வேண்டும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரிலுள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வருவார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

எனக்குப் பல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் அதன் மேல் மெழுகில் பல் வரிசை கட்டி, பல்செட் செய்து கொடுப்போம். நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

வீட்டில் ஒரு சின்ன அறை காலியாகக் கிடந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. குழந்தைக்கென்று விட்ட அறை அது. குழந்தை வரவில்லை. வருஷக் கணக்கில் ஊசி, மாத்திரை, ஸ்கேன், ஆஸ்பத்திரி நாற்காலி. இரண்டு தடவை வருவது போல வந்து திரும்பிப் போனது. கடைசியில் டாக்டரம்மா, "இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணலாம். வேணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் பேசவில்லை. பேச வேண்டியது அது ஒன்றுதான் என்றாகிவிட்டதால் வேறு எதையும் பேசவும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "உப்பு சரியா இருக்கா?" "இருக்கு." அத்தோடு சரி.

எனக்குள் முடிவு எப்போதோ ஆகிவிட்டது. வேண்டாம். ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. தெருவில் யாராவது கைக்குழந்தையோடு போனால், கண் அந்தப் பக்கம் போகாமலிருக்க அவர் படும் பாட்டைப் பார்த்தவள் நான். அதனால் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இந்த நிலைமையில்தான் ரயில் வந்தது.

லேபுக்கு வேலை கொடுக்கும் டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடினார். கணக்குத் தீர்க்க வந்தபோது, காத்திருப்போர் அறையில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பொம்மை ரயிலை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எங்களிடம் விட்டுப் போனார். லேபில் மூத்தவரை நாங்கள் பெரியக்கா என்போம். "யாராவது எடுத்துட்டுப் போங்கடி, காலை இடிக்குது" என்றார் பெரியக்கா. எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பிள்ளை இல்லாதவள் பக்கத்தில் இருக்கும்போது தங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொம்மையை எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குச் சங்கடம். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எடுத்துக்கறேன்" என்று பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உள்ளே ஒரு கறுப்பு எஞ்சின், இரண்டு பெட்டி, தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கையகலக் கருவி ஒன்று, கட்டு நிறைய நேர்த் தண்டவாளம். வளைவு ஒன்றுகூட இல்லை. எஞ்சினுக்கு முன்பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்ததால் அதற்குத் தொந்தி என்று பெயர் வைத்தோம். அவர் தொந்தியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, கூடத்துத் தரையில் தண்டவாளத்தைப் போட்டு ஓட்டிக் காட்டினார். சுவரில் போய் முட்டி நின்றது. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஒரு சின்ன ரயில் பாதை கட்டுவது என்று முடிவானது. ஆஸ்பத்திரி எங்களைத் துடைத்து எடுத்திருந்தது. மிச்சமிருந்ததில் நல்ல செருப்பாக ஒரு ஜோடி வாங்கலாம். அதற்குள் ஒரு ரயில்வேயை நடத்த வேண்டும்.

முதலில் படுக்கை விரிப்பின் மேல் நூலை வளைத்துப் போட்டுப் பார்த்தோம். நூல்தான் தண்டவாளம், தீப்பெட்டிதான் ஸ்டேஷன். திட்டம் போடக் காசு வேண்டாம் என்பதால் இஷ்டத்துக்குப் போட்டோம். ஒரு நாள் மலையைச் சுற்றி, ஒரு நாள் ஆற்றைத் தாண்டி, ஒரு நாள் மூன்று ஊர், பாலம், சுரங்கம். மறுநாள் அவர் விலை விசாரித்துவிட்டு வருவார், ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். பாலம் போச்சு. ஆறு போச்சு. மூன்று ஊர் ஒரே ஊரானது. "இப்படியே போனா ரயிலும் போயிடும். நாம ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல தேமேன்னு நிக்க வேண்டியதுதான்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வளைவில்தான் பெரிய இடி விழுந்தது. பழைய சாமான் கடையில் சின்னதும் பெரியதுமாக வளைவுத் தண்டவாளம் கிடைத்தது. கடைக்காரர் நல்ல மனிதர், ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். தொந்தி சின்ன வளைவில் மல்லாந்து விழுந்தது. பெரிய வளைவில்தான் திரும்பியது. அந்த வளைவில் ஒரு முழு வட்டம் போட எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர் டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார். ஒரு முழ அகலமெல்லாம் போதாது. அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும்.

"சரி, அகலமாவே பலகை போடலாமே. அறை சும்மாதானே கிடக்கு?" என்றேன்.

அவர் டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நூலைச் சரிசெய்வது போலக் குனிந்திருந்தார். பிறகு, "மடக்கற மாதிரி பண்ணிடலாம்மா. நடுவுல கீல் வெச்சு, வேலை முடிஞ்சதும் மடக்கிச் சுவத்துல சாத்திடலாம். அகலமா போட்டா மடக்க வராது. மடக்கினா அறை அறையா இருக்கும். நாளைக்கு வேணும்னா…" என்று இழுத்தார்.

நாளைக்கு வேணும்னா. இந்த மனிதர் இன்னும் அந்த அறையில் யாருக்கோ இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போதே சொல்லியிருக்கலாம். "சரி" என்று எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு பலகை அவர் சொன்னபடியே வந்தது. எங்கோ பழைய லிஃப்ட்டைப் பிரித்தபோது அதன் உள்சுவர்ப் பலகை இரண்டைக் கேட்டு வாங்கி வந்தார். மூன்று மாடி தூக்கி வந்துவிட்டு, பேச முடியாமல் சைகையிலேயே தண்ணீர் கேட்டார். அதன் அடிப்பக்கம் இன்னும் 'புகை பிடிக்காதீர்' என்றிருக்கிறது. இரண்டையும் கீல் போட்டு இணைத்து, மடக்குக் கால் பொருத்தினார். பலகை குறுகல், வட்டம் கிடையாது. ரயில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும், நிற்கும், வந்த வழியே திரும்பும்.

"லிஃப்ட் மாதிரிதான்" என்றார்.

"என்னை மாதிரியும்தான்" என்றேன். வீடு, லேப், வீடு. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்று எனக்கு நல்ல நாள்.

செலவில்லாமல் ஊர் கட்டினோம். பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்துப் பச்சைச் சாயம் போட்டால் மரம். அட்டைப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை, அத்தனையும் ஊசி மருந்து வந்த பெட்டி. ஜன்னல் வெட்டி வர்ணம் அடித்ததில் ஒன்று ஸ்டேஷனானது, ஒன்று தபாலாபீஸ், இரண்டு கடை. அந்தப் பெட்டிகளை என்னால் தூக்கிப் போடவும் முடியாமல் இருந்தது, பார்க்கவும் முடியாமல் இருந்தது. வர்ணத்துக்குள் மறைந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் அந்தக் கீல் என் உயிரை வாங்கியது. மடக்க வேண்டுமென்றால் தண்டவாளத்தை அந்த இடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் இரண்டு பாதியும் மயிரிழை விலகி நிற்கும். தொந்தி நேராக வந்து அந்த வெட்டில் தடம் புரளும். அவர் அரத்தால் ராவுவார், அட்டையைச் சொருகுவார், கீலைத் தளர்த்துவார், முடுக்குவார். ஓடும். மறுநாள் பிரித்தால் பழைய குருடி கதவைத் திறடி. தினமும் வேலை முடிந்ததும் ஸ்டேஷன், தபாலாபீஸ், மரம் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்து, பலகையை மடக்கிச் சுவரில் கொக்கி போடுவார். உடம்பு ஓய்ந்து வந்த நாளிலும் அதை மட்டும் விடமாட்டார். ஒன்றுமில்லாத அறையை வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு விளக்கை அணைப்பார். அந்த ஒரு தடவைப் பார்வையை நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாவமாகவும் இருக்கும், நாலு போடு போடலாம் போலவும் இருக்கும்.

மலை என் பொறுப்பு. லேபில் ஈரம் பட்டு வீணான ஒரு பிளாஸ்டர் மூட்டையைப் பெரியக்கா கொடுத்தார். பல்செட்டுக்கு ஆகாது, மலைக்குத் தாராளம். கூடவே கழித்துக் கட்டிய தாடை அச்சுகளையும் அள்ளிவந்தேன். தலைகீழாகக் கவிழ்த்தால் அச்சு அசல் பாறை. உற்றுப் பார்த்தால் மட்டும் மலைச்சரிவில் யாருடைய கடைவாய்ப் பல்லோ தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதென்று ஓடினார். நான் மலை வேலையை ஆரம்பித்தேன். மலை பலகையின் நடுவில், கீலுக்கு மேலேயே வருவதாகத் திட்டம். அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாமல் சுரங்கத்துக்குள் போய்விடும் என்று அவர்தான் யோசனை சொல்லியிருந்தார். அதனால் தண்டவாளத்தின் மேல் அட்டையை வளைத்து மூடிவிட்டு, மலையை இரண்டு பாதியாக ஊற்ற வேண்டும். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. முதல் பாதி இறுகியதும் அதன் முகத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு அடுத்த பாதியை ஊற்றினால், இரண்டும் ஒட்டாமல் அழகாகப் பிரிந்து வரும். தடவாவிட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே கல்லாகிவிடும். லேபில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொடுப்பது அதுதான். தினமும் கை தானாகச் செய்கிற வேலை.

முதல் பாதி இறுகியது. சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது, தூரிகையும் இருந்தது. இரண்டாவது பாதிக்குப் பிளாஸ்டரைக் கரைத்தேன். கரைத்த பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது. தூரிகையைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். ஊற்றிவிட்டேன். இரண்டு பாதியும் சேருமிடத்தை ஈர விரலால் வழித்துச் சமன் செய்தேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து, கூடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

அவர் மதியம் வந்தார். மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். சுரங்கத்துக்குள் தொந்தியை விட்டு, அந்தப் பக்கம் வெளியே வருகிறதா என்று குனிந்து பார்த்துச் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். சாயங்காலம் வரை ஓட்டினார். ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை. பிறகு வழக்கம்போல ஸ்டேஷனை எடுத்தார், மரங்களை எடுத்தார், பலகையின் நடுவை அடியிலிருந்து பிடித்து மடக்கத் தூக்கினார். வரவில்லை. இன்னொரு தடவை தம் பிடித்துத் தூக்கினார். கீல் கிரீச்சென்றதே தவிர மலை அசையவில்லை.

குனிந்து நகத்தால் அந்த இடத்தைத் தேடினார். கோடே இல்லை.

"சோப்புத் தண்ணி தடவ மறந்துட்டியா?" என்றார். கோபமில்லை. "களைப்புல மறந்திருப்பே. பரவாயில்ல. ஆக்சா பிளேடால மெல்லிசா ஒரு கோடு போட்டுட்டா தீர்ந்தது."

பையிலிருந்து பிளேடை எடுத்தும்விட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"மறக்கல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சேதான் ஊத்தினேன். அறுக்காதீங்க."

"அறுக்கலன்னா எப்படிம்மா மடக்கறது?"

"யாருக்காக மடக்கணும்?"

கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே குரல் பெரிதாக ஒலித்தது. "தினமும் மடக்கி மடக்கி யாருக்கு இடம் விடறீங்க? யாரும் வரப்போறதில்லங்க. இன்னொரு தடவை என்னால முடியாது. பயமெல்லாம் இல்ல. அலுத்துப்போச்சு. என் உடம்பு அலுத்துப்போச்சு. ஊசி போட்டு, காத்திருந்து, நல்ல சேதி சொல்லி, கெட்ட சேதி சொல்லி… எனக்கு வேண்டாம். இதை உங்ககிட்டச் சொல்லத் தைரியம் வரல. அதான் ஊத்திட்டேன்."

அவர் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் அழக்கூடாதென்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

அவர் பிளேடைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உனக்காகத்தான் மடக்கினேன்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். நீ ஒரு நாள் வந்து, இன்னொரு தடவை பார்க்கலாமான்னு கேட்டா, அறை காலியா இருக்கணும்னு. பாதி நிசம்தான் அது." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மீதி பாதி எனக்காக. எனக்கு இன்னும் ஆசை விடல. பொய் சொல்லி என்ன? ஆனா ஊசி உனக்கு, வலி உனக்கு. நான் என்ன பண்ணினேன், வெளில நாற்காலில உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்தவன் வாயால எப்படிக் கேக்கறது?"

"கேக்காதீங்க" என்றேன்.

"கேக்கல" என்றார்.

பிளேடைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். அன்றைக்குப் பலகை மடக்கப்படவில்லை. அறை வாசலில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமலே போய்ப் படுத்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாரோ என்று முதலில் பயந்தேன், பிறகு அதற்கும் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பாதி அப்படியே இருக்கும். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் பஸ்ஸில் யோசித்தேன். முடியாதென்று தெரிந்தது. அந்த மனிதர் துக்கப்படட்டும். எனக்கு எப்போதோ முடிந்துபோனது அவருக்கு இப்போதுதான் முடிகிறது.

அடுத்த ஞாயிறு காலை, அந்த அறைக் கதவை அவர் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எண்ணெய் விடப்போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் டேப்பை எடுத்துக் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

"இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். "தொந்தி திரும்ப எவ்வளவு அகலம் வேணும்னு ஞாபகமிருக்கா? கதவு அதைவிட ரெண்டு விரல் கூடவே இருக்கு. இதையே பலகையாப் போட்டா முழு வட்டம் போகும். காசும் கிடையாது."

"வீட்டுக்காரர் வந்து கதவு எங்கேன்னு கேட்டா?" என்றேன்.

"ரயில்வேல வேலை கிடைச்சுப் போயிடுச்சுன்னு சொல்லு."

இரண்டு பேருமாகக் கதவைக் கழற்றினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிப் போனோம். பழைய பலகையின் கால்களைப் பிடுங்கிக் கதவுக்கு வைத்தார். மலையை அறுக்காமல், அது உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, கீலோடு அப்படியே தூக்கிக் கதவின் மேல் வைத்தார். பழைய சாமான் கடைக்குப் போய்ப் பெரிய வளைவுகளாக வாங்கிவந்தார். செருப்புக்கான காசு அத்தோடு தீர்ந்தது. மத்தியானம் தொந்தி ஒரு முழுச் சுற்று போய், மலைக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வந்து, நிற்காமல் மறுபடி போனது.

கதவு அறையின் நடுவில் இருந்தது. சுவரோரம் தள்ளினால் எட்டிக் கை வைக்க முடியாது. நடுவில்தான் இருக்க வேண்டும். இனி அந்த அறையில் ஒரு பாய்கூட விரிக்க முடியாது. அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே அளந்தார். பிறகு அந்தப் பக்கம் அளந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கலாம். அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கலாம்" என்றார். "அதுக்கு மேல இடம் இல்லம்மா."

நான் வயிற்றை எக்கிக்கொண்டு பலகைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து, அவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"போதும்" என்றேன்.